முதல் திருத்தம்: திறந்த மூல மென்பொருளுக்குப் பங்களிக்கத் தொடங்குவது எப்படி?

திருநெல்வேலியில் அறை எடுத்துப் படிக்கும் தம்பி ஒருவர் கைபேசியை என்னிடம் நீட்டினார். கோப்புகளை ஒழுங்குபடுத்தும் செயலியில் ‘12 ஜிபி இலவசம்’ என்றிருந்தது. மீதமுள்ள இடத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை யாரோ விலையோடு சேர்த்துப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். “யாரிடம் சொல்வது அண்ணா?” என்று கேட்டார். “இது திறந்த மூலம், அதாவது நிரலை யாரும் பார்த்துத் திருத்தம் அனுப்பலாம், நீரே திருத்தலாம்” என்றேன். அன்று செய்தது இதுதான்.

1. தினமும் பயன்படுத்தும் மென்பொருளில் தொடங்குங்கள். குறை அங்கேதான் கண்ணில் படும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கருநிரல் போன்ற பெரியவற்றைப் பிறகு பார்க்கலாம்.

2. மென்பொருளின் களஞ்சியத்தை, அதாவது அதன் நிரலும் கோப்புகளும் இருக்கும் இடத்தைத் தேடுங்கள். பல களஞ்சியங்கள் கிட்ஹப் என்ற இணையதளத்தில் இருக்கின்றன. மென்பொருளை அறிமுகப்படுத்தும் ரீட்மீ கோப்பையும் பங்களிப்பு வழிகாட்டியையும் முழுதாக வாசியுங்கள். இதைத் தவிர்ப்பவர்களின் உழைப்புத்தான் அதிகம் வீணாகிறது. மொழிபெயர்ப்புக்குத் தனி வாசல் இருக்கக்கூடும்: லிப்ரேஆபிஸ் வெப்லேட்டையும் ஃபயர்பாக்ஸ் பொன்டூனையும் பயன்படுத்துகின்றன; இரண்டும் இணையத்திலேயே மொழிபெயர்க்கும் தளங்கள். அதே குறையை வேறொருவர் ஏற்கெனவே முறையிட்டிருக்கிறாரா என்று குறைகளைப் பதியும் இஷ்யூ பட்டியலிலும் தேடுங்கள்.

3. தம்பியின் செயலி திருத்தங்களைக் களஞ்சியத்திலேயே ஏற்றது. கணக்குத் திறந்து, தமிழ்க் கோப்பில் பென்சில் குறியை அழுத்தினால் போதும். உங்களுக்கான பிரதியை, அதாவது ஃபோர்க்கை, கிட்ஹப்பே எடுத்துத் தரும். எதையும் நிறுவத் தேவையில்லை.

நிரலையே மாற்றப் போகிறவர்கள், மாற்றங்களின் வரலாற்றைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியைக் கற்கத்தான் வேண்டும். லினக்ஸ் கருநிரல் பணிக்காக 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கருவி அது. டேட்டா குறைவென்றால், முழு வரலாற்றையும் இறக்காமல் கடைசி நிலையை மட்டும் இறக்கும் வசதியும் அதில் உண்டு.

4. ஒரு தடவைக்கு ஒரு திருத்தம். மொழிக் கோப்பில் சொற்களுக்கு நடுவே சதவீதக் குறியும் ஓர் எழுத்தும் ஒட்டியிருக்கும். செயலி ஓடும்போது எண்ணோ பெயரோ வந்து அமரும் இடம் அது. அழித்துவிட்டால் வசனம் பிழையாகும், சிலவேளை செயலியே நின்றுவிடும். தமிழ் ஒழுங்குக்கு ஏற்ப முன்பின் நகர்த்தலாம், ஆனால் தொலைக்கக் கூடாது. தம்பி ‘இலவசம்’ என்பதை மட்டும் ‘வெற்றிடம்’ ஆக்கினார்.

5. புல் ரிக்வெஸ்ட், அதாவது உங்கள் திருத்தத்தை மூலத்தில் சேர்க்கக் கோரும் விண்ணப்பம், அனுப்புங்கள். எது பிழை, ஏன் மாற்றினீர்கள் என்று எளிய ஆங்கிலத்தில் இரண்டு வரி, ஸ்கிரீன்ஷாட் ஒன்று. மென்பொருளைப் பராமரிப்பவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம் என்பதை மறவாதீர்கள். அவர் நம்புவது உங்கள் விளக்கத்தைத்தான்.

6. காத்திருங்கள். பராமரிப்பவர்களில் பலர் ஓய்வு நேரத்தில் வேலை செய்பவர்கள். ஒரு வாரம் கழித்துப் பணிவாக நினைவூட்டலாம்.

ஆறாம் நாள் பதில் வந்தது: “இதே சொல் கட்டணப் பக்கத்திலும் வருகிறதா?” தம்பி தேடிப் பார்த்தார். வந்தது. அங்கே ‘இலவசம்’தான் சரி. இரண்டு இடங்களுக்கும் தனித்தனி வரி வேண்டும் என்று எழுதினார். பராமரிப்பவர் நிரலில் அதைப் பிரித்துத் தந்தார். தம்பி அதே புல் ரிக்வெஸ்ட்டில் தமிழைச் சேர்த்தார். அன்றிரவே திருத்தம் இணைக்கப்பட்டது.