பழைய டீசல் காரில் ஏசி குளிரவில்லை, டீசல் வாடையும் வருகிறதா?

இரண்டும் சேர்ந்து வந்தால் முதலில் டீசல் கசிவைப் பிடியுங்கள். கசியும் டீசல், ஏசி கேஸை அழுத்தும் கம்ப்ரசரின் பெல்ட்டில் பட்டால் ரப்பர் ஊறி வழுக்கும். ஏசி போட்டதும் பெல்ட் கத்தும், குளிரும் குறையும். அதே டீசல், வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட்டை நனைத்து அது அறுந்தால், பெரும்பாலான டீசல் இன்ஜின்களில் வால்வுகள் வளைந்துவிடும்.

வண்டிக்கு அடியில் சொட்டுவது எது என்று தெரியாவிட்டால் ஒரு காகிதத்தில் பிடியுங்கள். ஏசி தண்ணீர் காய்ந்துவிடும், டீசல் எண்ணெய்க் கறையாக நிற்கும். ஏசியை உள்காற்றுச் சுழற்சிக்கு மாற்றியதும் வாடை குறைந்தால் கசிவு பெரும்பாலும் பானெட்டுக்கு அடியில்தான்.

ஆறிய இன்ஜினைத் துடைத்து, ஓடவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். டீசல் கீழ்நோக்கி வழியும், அதனால் ஈரம் தொடங்கும் மேல்முனைதான் முக்கியம். முதல் சந்தேகம் இன்ஜெக்டர்களுக்கு இடையே ஓடும் துணி பின்னிய ரிட்டர்ன் ஹோஸ் (மிஞ்சிய டீசலைத் திருப்பி அனுப்பும் குழாய்). வளைத்தால் வெடிப்பு தெரியும். ஒன்று போயிருந்தால் எல்லாவற்றையும் மாற்றுங்கள். அடுத்து ஃபில்டரின் ஓ-ரிங், தண்ணீர் வடிக்கும் திருகு, கைப்பம்ப், கடைசியாக டீசல் பம்பின் சீல்கள்.

வெளியே ஈரமே இல்லாமல் காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறதா? டாங்குக்குள் மோட்டார் இல்லாத வண்டிகளில் டாங்கிலிருந்து டீசல் பம்ப் வரை உறிஞ்சும் பாதை. அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையே தற்காலிகமாக உள்ளே ஓடுவது தெரியும் ஒரு பிளாஸ்டிக் ஹோஸ் மாட்டினால் குமிழிகள் ஓடுவது தெரியும்.

காமன் ரெயில் வண்டியில் (எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) ஓடும் இன்ஜினின் பைப்பை ஒருபோதும் விரலால் தடவாதீர்கள். 1,000 பார் தாண்டும் அழுத்தம் டீசலைத் தோலுக்குள் செலுத்திவிடும். காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கசிவைத் தேட விரலுக்குப் பதில் ஒரு காகித அட்டையை நீட்டிப் பாருங்கள்.

இனி ஏசி. ஏசி போட்டதும் கம்ப்ரசர் க்ளட்ச் (கம்ப்ரசரைப் புல்லியோடு இணைக்கும் காந்தத் தட்டு) ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, பிறகு க்ளட்ச் ஒயரில் 12 வோல்ட். வோல்ட் வந்தும் சூட்டில் மட்டும் விட்டுவிடுகிறது என்றால் க்ளட்ச் தட்டுக்கும் புல்லிக்கும் உள்ள இடைவெளி தேய்ந்து அகன்றிருக்கும். பல கம்ப்ரசர்களில் அது 0.3 முதல் 0.6 மி.மீ.க்குள் இருக்க வேண்டும்.

வோல்ட்டே வரவில்லை என்றால் கேஸ் குறைந்து பிரஷர் ஸ்விட்ச் தடுத்திருக்கலாம், அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டுங்கள். நிறுத்திய வண்டியில், 30 டிகிரி வெயிலில், ஆர்134ஏ என்ற ஏசி கேஸ் சுமார் 95 பிஎஸ்ஐ காட்டும். அதைவிட நன்றாகக் குறைந்திருந்தால் கேஸ் கசிந்துவிட்டது. 95 காட்டினாலும் கேஸ் நிறைவாக இருக்கிறது என்று அர்த்தமில்லை: உள்ளே கொஞ்சம் திரவம் மிஞ்சியிருந்தாலே அந்த அழுத்தம் வந்துவிடும். இன்ஜினும் ஏசியும் ஓடும்போது தாழ் பக்க (கம்ப்ரசருக்குள் போகும்) அழுத்தம் ஏறி, உயர் பக்க (வெளியேறும்) அழுத்தம் இறங்கி நின்றால் கம்ப்ரசர் தளர்ந்துவிட்டது. இரண்டும் ஏறினால், கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரின் விசிறியையும் அதில் படிந்த தூசியையும் பாருங்கள்.

கசிவைக் கண்டுபிடிக்காமல் கேஸ் ஏற்றுவது வீண் செலவு. கேஸோடு ஆயிலும் வெளியேறுவதால் கசியும் ஜாயின்ட்டில் எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டியிருக்கும். ஓ-ரிங்கை மாற்றி, அரை மணி நேரமாவது வாக்யூம் இழுத்து (உள்ளிருக்கும் காற்றைப் பம்பால் வெளியேற்றி), கேஜ் முள் நகராமல் நிற்பதை உறுதிசெய்த பிறகு, பானெட்டு ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்கில் எடை போட்டு ஏற்றச் சொல்லுங்கள்.