நவம்பரில் மோல் ஆற்றில் தூண்டில் போடப் போகிறீர்களா?

லண்டனுக்குத் தெற்கே சர்ரே பக்கம் ஓடும் மோல், பெரிய ஆறெல்லாம் இல்லை. பல இடங்களில் எதிர்க்கரையில் நிற்பவரிடம் கத்தாமலே பேசிவிடலாம். ஆனால் சப் மீனுக்குப் பேர்போன ஆறு, லண்டன் வாட்டர்லூ ஸ்டேஷனில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஆற்றங்கரை ஊரான லெதர்ஹெட்டில் இறங்கிவிடலாம் என்பதால் கார் இல்லாதவர்களுக்கும் சௌகரியம்.

குளிர் ஏறினால் பார்பெல் என்ற இன்னொரு ஆற்று மீன் மந்தமாகிவிடும். சப்பும் அதே கெண்டைக் குடும்பம்தான், ஆனால் தண்ணீர் 4, 5 டிகிரிக்கு இறங்கினாலும் அது சாப்பிடும். என்ன, இரைக்காக நாலு அடி நகரவே யோசிக்கும். அதனால் நீங்கள்தான் அதன் வாசலுக்குப் போக வேண்டும்.

முதலில் லைசென்ஸ். 13 வயது நிரம்பிய யாராக இருந்தாலும் அரசின் சுற்றுச்சூழல் அமைப்பான என்விரான்மென்ட் ஏஜென்சியின் தூண்டில் லைசென்ஸ் வேண்டும், அதோடு அந்தக் கரை எந்த கிளப்புக்குச் சொந்தமோ அவர்களிடம் அன்றைய டிக்கெட்டும். ஆற்றில் சீசன் ஜூன் 16 முதல் மார்ச் 14 வரை, ஆக நவம்பரில் கவலை இல்லை.

சாமான் கொஞ்சம்தான். நுனி மெல்லிசாக வளையும் 11 அடி ராட், 5 பவுண்டு எடை தாங்கும் நரம்பு, 8-ம் நம்பர் முள், கரண்டி வலை, பிடித்த மீனைக் கிடத்த ஈரம் தாங்கும் ஒரு பாய், அவ்வளவுதான். குண்டு வாங்கும்போது ஈயம் வேண்டாம், தூண்டிலுக்குப் போடும் சின்ன ஈயக் குண்டுகள் அன்னப்பறவைகளைக் கொல்கின்றன என்று இங்கே 1987-லேயே தடை செய்துவிட்டார்கள்.

இரை? கடை ரொட்டி. இரண்டு நாள் பழைய துண்டுகளை மிக்சியில் தூளாக்கிக்கொள்ளுங்கள் (வீட்டம்மாவிடம் கேட்டுவிட்டு). முள்ளுக்கு மட்டும் புது ரொட்டி. நகத்தளவு துண்டு கிள்ளி, முள்ளின் தண்டைச் சுற்றி ஒரு பக்கத்தை மட்டும் விரலால் நன்றாக நசுக்குங்கள், மறுபக்கம் பஞ்சாகவே இருக்கட்டும், தண்ணீரில் விழுந்ததும் அது உப்பி ஆடும். முள்முனை வெளியே தெரிய வேண்டும். முழுக்க உருட்டி உருண்டையாக்கினால் களிமண் மாதிரி கல்லாகிவிடும், மீன் கொத்தினாலும் முள் ஏறாது.

என் முதல் நவம்பரில் உட்கார்ந்த இடத்திலேயே அரை ரொட்டியைக் கொட்டினேன். மாலை வரை ஒன்றும் இல்லை. இந்தக் குளிரில் மீனுக்கு வயிறு சீக்கிரம் நிறைந்துவிடும், அதனால் எலுமிச்சம்பழ அளவு தூள் இரண்டு பிடி, அதற்கு மேல் வேண்டாம். நாலைந்து இடத்தில் இப்படிப் போட்டுவைத்துவிட்டு, முதல் இடத்துக்குத் திரும்பி வந்து தூண்டில் போடுங்கள். இருபது நிமிடத்தில் அசைவில்லை என்றால் அடுத்த இடம்.

எந்த இடம் என்றால், வேக நீரும் மெதுநீரும் உரசும் கோடு, தண்ணீரைத் தொட்டுத் தொங்கும் வில்லோ மரம், குப்பையும் கிளையும் சேர்ந்து மிதக்கும் மூலை. சப் அதன் அடியில் ஒதுங்கி நிற்கும். மெதுவாக நடங்கள், கரையில் தொம் என்று காலை வைத்தால் கதை முடிந்தது. மிதந்து வரும் இலைகள் நரம்பில் மாட்டித் தொல்லை கொடுக்கும்; ராட் நுனியைத் தாழ்த்தி, நம் கரையை ஒட்டியே போட்டால் கொஞ்சம் தப்பிக்கலாம்.

நுனி இரண்டு முறை லேசாகத் தட்டும். அப்போது இழுக்காதீர்கள், கை பரபரக்கும், பரவாயில்லை. அப்புறம் நுனி வளைந்து போய்க்கொண்டே இருக்கும், அப்போது தூக்குங்கள், உடனே கிளைப் பக்கம் ஓடவிடாமல் தடுங்கள்.

மீனைத் தொடுமுன் கையையும் பாயையும் நனையுங்கள். உறைபனிக் காற்றில் செவுள் கெட்டுவிடும் என்பதால் போட்டோவை சட்டென்று முடித்து, தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்து, அதுவாகவே நழுவும்வரை பிடித்திருங்கள். ஊரிலிருந்து வந்த மாமா, "பிடித்ததை ஏன்டா திரும்ப விடுகிறாய்?" என்று புலம்பினார். சப் முழுக்க முள், ருசியும் இல்லை மாமா!

இஞ்சி டீ, இட்லி எதுவானாலும் சாப்பிடுமுன் கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள், ஆற்றங்கரை எலியால் எலிக்காய்ச்சல் வரும் என்பது இங்கேயும் உண்மை. உள்ளே இரண்டு அடுக்கு, வெளியே மழைக்கோட்டு, மாற்று சாக்ஸ் ஒரு ஜோடி.

நவம்பர் நடுவில் நாலே காலுக்குள் சூரியன் மறைந்துவிடும். அந்தக் கடைசி ஒரு மணி நேரத்துக்காகவே ஒரு பிடி ரொட்டித் தூளை மிச்சம் வையுங்கள், காலையில் ஒரு மீன் தந்த இடத்துக்கே திரும்புங்கள். பெரியது வந்தால் அப்போதுதான் வரும். டார்ச்சை பைக்குள் ஆழமாகப் புதைக்காதீர்கள், வழுக்கும் கரையில் அதைத் தேடிக்கொண்டு நின்றவன் நான்.