மூளை ஆய்வகத்தில் பயிற்சியா? ஒரு ஊசியும் பென்சிலும் போதும்

நரம்பியல் ஆய்வகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தால், முதல் வாரங்களில் பெரும்பாலும் கைக்கு வருவது எலி மூளைச் சீவல்கள்தான். பதப்படுத்திய மூளையை 30 சதவீதச் சர்க்கரைக் கரைசலில் போடுவார்கள். முதலில் மிதக்கும், ஓரிரு நாளில் மெல்ல அடியில் போய் உட்காரும். அதுவரை அவசரப்படாதீர்கள். நீர் மிஞ்சியிருந்தால் உறைய வைக்கும்போது பனிப்படிகங்கள் உருவாகித் திசுவைத் துளைத்துவிடும்.

பிறகு, உறைந்த திசுவை மெல்லிசாகச் சீவும் கிரையோஸ்டாட் கருவியில், மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் குளிரில், 40 மைக்ரோமீட்டர் கனத்தில் சீவிக் கரைசலில் மிதக்க விடுவார்கள். இங்கேதான் நான் இரண்டு நாள் உழைப்பை இழந்தேன். மிதக்கும் சீவல் புரண்டுகொண்டே இருக்கும். மூளையின் இரு பாதியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால், பிறகு இடது எது, வலது எது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. சீவுவதற்கு முன்பே, ஆய்வுக்குத் தேவைப்படாத பகுதியாகப் பார்த்து, ஒரு பக்கத்தில் மட்டும் மெல்லிய ஊசியால் நீளவாக்கில் துளையிடுங்கள். எந்தப் பக்கம் என்பதை அப்போதே குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். ஆய்வக மூத்தவரிடம் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது.

சீவல்களை எடுக்க இடுக்கி வேண்டாம், கிழிந்துவிடும். ஓவியம் தீட்டும் நுண்ணிய தூரிகையே சரி. சீவல்களை ஒட்டும் கண்ணாடித் தகட்டின் சொரசொரப்பான முனையில் பென்சிலால் பெயரிடுங்கள். ஆல்கஹாலில் முக்கினால் சாதாரண மார்க்கர் எழுத்து கரைந்து போகும், பென்சில் எழுத்து அப்படியே நிற்கும்.