4294967297-இன் காரணிகளைக் கையால் கண்டுபிடிப்பது எப்படி?

முப்பத்திரண்டு இரண்டுகளைப் பெருக்கி 1-ஐக் கூட்டினால் 4294967297 கிடைக்கும். சொல்லிப் பார்த்தால் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. இதே போல 2-இன் 1, 2, 4, 8, 16-ஆம் அடுக்குகளுடன் 1-ஐக் கூட்டினால் வரும் 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் பகா எண்களாக இருப்பதால், இதுவும் பகா எண்ணே என்று 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணித அறிஞர் பியர் தெ ஃபெர்மா நம்பினார். அது தவறு என்று 1732-இல் சுவிஸ் கணித அறிஞர் ஆய்லர் காட்டினார். எட்டு இலக்கக் கால்குலேட்டரில் இந்த எண் அடங்காது. தாளும் பென்சிலும் போதும்.

படி 1: கடைசி இலக்கம் 7 என்பதால் 2-ஆலும் 5-ஆலும் வகுபடாது. இலக்கங்களின் கூட்டுத்தொகை 59; ஆகவே 3-ஆலும் வகுபடாது.

படி 2: பகு எண்ணாக இருந்தால், அதன் வர்க்கமூலமான சுமார் 65536-க்குள் ஒரு பகாக் காரணியாவது இருந்தாக வேண்டும். அந்த எல்லைக்குள் 6542 பகா எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பது வீண் வேலை. இந்த எண்ணின் எந்தப் பகாக் காரணியும் 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகவே இருக்கும் என்பது ஆய்லரின் முடிவு. நிரூபணத்தை இங்கே எடுக்கவில்லை. பயனை மட்டும் பாருங்கள். 65, 129, 193 என்று 64 கூட்டிக்கொண்டே போய், பகு எண்களை அடித்துவிட்டால் 193, 257, 449, 577, 641 என்ற வரிசை மிஞ்சும்.

படி 3: பத்து இலக்க எண்ணை நேரடியாக வகுக்காமல் மீதிகளை மட்டும் கையாளுங்கள். ஓர் எண்ணின் வர்க்கம் தரும் மீதியும், அந்த எண்ணின் மீதியை வர்க்கமாக்கி வகுத்தால் வரும் மீதியும் ஒன்றே என்பதுதான் இதற்கு அடிப்படை. 641-ஐ எடுத்துக்கொள்வோம். 2-இன் 8-ஆம் அடுக்கு 256; அதன் வர்க்கம் 65536. இதில் 641 × 102 = 65382 போக மீதி 154. 154-இன் வர்க்கம் 23716; இதில் 641 × 36 = 23076 போக மீதி 640. 32-ஆம் அடுக்குக்கு வந்துவிட்டோம். 1-ஐக் கூட்டினால் 641, அதாவது மீதியே இல்லை. இதே கணக்கை 193-க்குச் செய்தால் மீதிகள் 63, 109, 108 என்று போய், 1-ஐக் கூட்டியபின் 109 நிற்கும்; எனவே அது காரணி அல்ல. 257, 449, 577 மூன்றும் இப்படியே தோற்கும். நீங்களே போட்டுப் பாருங்கள்.

படி 4: இப்போது வகுத்தால் 4294967297 = 641 × 6700417. இரண்டாவது எண்ணும் உடையுமா? அதன் வர்க்கமூலம் 2588-ஐச் சற்றே தாண்டும். 641-ஐவிடச் சிறியவை ஏற்கெனவே தோற்றுவிட்டன. அந்த எல்லைக்குள் முன்பு சொன்ன வடிவில், 641 முதல் உள்ள பகா எண்கள் 641, 769, 1153, 1217, 1409, 1601, 2113 ஆகிய ஏழு மட்டுமே; ஏழும் மீதி வைக்கின்றன. ஆகவே 6700417 பகா எண். மொத்தக் காரணிகள் நான்கு: 1, 641, 6700417, 4294967297. இவற்றின் கூட்டுத்தொகை 4301668356. 642-ஐயும் 6700418-ஐயும் பெருக்கினாலும் இதே விடை வருகிறதா என்று சரிபார்த்துக்கொள்ளலாம்.