பழைய பைக் டேங்குக்குள் துருவா? வீட்டிலேயே எடுக்கும் முறை

யமஹா ஆர்எக்ஸ் 100 உற்பத்தி 1996-ல் நின்றது. இன்று சாலையில் ஓடும் வண்டிகளில் பழைய டேங்க் மாற்றப்படாமல் இருந்தால், அதற்குக் கிட்டத்தட்ட முப்பது வயது, அல்லது அதற்கும் மேல். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் உள்ளே செம்மண் பூசியதுபோல் தெரியும். வண்டி நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று மேடு ஏறும்போது திணறும். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தால் கொஞ்ச நாள் சரியாக இருக்கும், அப்புறம் மறுபடியும் அதே தொல்லை. டேங்கிலிருந்து துருத் தூள் இறங்கிக்கொண்டே இருக்கும்வரை கார்புரேட்டரின் ஜெட் (பெட்ரோல் போகும் நுண்துளை) அடைத்துக்கொண்டேதான் இருக்கும்.

துருவைக் கரைப்பது உண்மையில் எளிய வேலை, பெரும்பகுதி தானாகவே நடந்துவிடும். துருவைக் கரைத்த ஆசிட்டைக் கொட்டிய பிறகு வரும் அரைமணி நேரத்தில்தான் பலருடைய உழைப்பு வீணாகிறது. அந்தப் பகுதியை (ஐந்தாம் படி) முதலிலேயே படித்துவிட்டு வேலையில் இறங்குங்கள்.

துரு எங்கிருந்து வருகிறது

பாதி டேங்க் காலியாக இருந்தால் அந்த இடத்தில் காற்று இருக்கும். இரவில் டேங்க் குளிரும்போது காற்றிலுள்ள ஈரம் உள்சுவரில் துளித்துளியாகப் படிந்து கீழே வடியும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது, அதனால் அடியில் போய்த் தங்கும். பெட்ரோல் டேப்பின் குழாய் டேங்கின் தரையைவிடச் சற்று உயரமாக நிற்பதால், அதற்குக் கீழே உள்ள தண்ணீர் வெளியே வரவே வராது. இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஓரளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு இது நல்லதல்ல.

தேவையானவை

சிட்ரிக் ஆசிட் 700 கிராம், ஆப்ப சோடா 200 கிராம், பாத்திரம் கழுவும் சோப்பு, ஒரு முழ நீளத்துக்குப் பழைய செயின், கொஞ்சம் கம்பி, தடிமனான ரப்பர் துண்டு, ஹேர் டிரையர், 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்), கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. சிட்ரிக் ஆசிட் என்பது கடைகளில் கிடைக்கும் எலுமிச்சை உப்புதான். இந்த அளவு ஏறத்தாழ 10 லிட்டர் டேங்குக்குப் போதும். புல்லட் போன்ற பெரிய டேங்குக்கு லிட்டருக்கு 60 முதல் 70 கிராம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

1. காலி செய்து கழற்றுதல்

திறந்தவெளியில் செய்யுங்கள். அடுப்பு, பீடி, சிகரெட், விளக்கு எதுவும் பக்கத்தில் வேண்டாம். பழைய பெட்ரோலை மூடியுள்ள கேனில் பிடித்துக்கொள்ளுங்கள், சாக்கடையில் ஊற்றாதீர்கள். பெரும்பாலான பழைய வண்டிகளில் சீட்டைக் கழற்றினால் டேங்கின் பின்பக்கத்தைப் பிடித்திருக்கும் போல்ட் தெரியும். அதை எடுத்துவிட்டு டேங்கைப் பின்னால் இழுத்தால் முன்பக்க ரப்பரிலிருந்து வந்துவிடும். டேப்பையும் கழற்றி வையுங்கள்.

2. ஓட்டை இருக்கிறதா?

அடிப்பக்கத் தையலையும் (தகடுகள் இணையும் இடம்) டேப்புக்குப் பக்கத்திலுள்ள தகட்டையும் நன்றாகப் பாருங்கள். பெயின்ட் கொப்புளித்திருந்தால் விரலால் அழுத்துங்கள். சில இடங்களில் துருதான் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும், அதைக் கரைத்தால் ஒழுக ஆரம்பிக்கும். அப்படி இருந்தால் பெட்ரோல் டேங்க் வேலை தெரிந்த பட்டறைக்குக் கொண்டுபோங்கள். காலியான டேங்கிலும் பெட்ரோல் ஆவி நிற்கும். வீட்டில் வெல்டிங் வைத்தால் வெடிக்கும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

3. கழுவுதல், உதிர்த்தல்

சோப்பும் சுடுதண்ணீரும் ஊற்றிக் குலுக்கி இரண்டு மூன்று முறை கழுவுங்கள். பழைய பெட்ரோல் காய்ந்து படிந்த பிசுக்கு இருந்தால் ஆசிட் துருவைத் தொடாது. பெட்ரோல் வாடை போகும்வரை கழுவுங்கள்.

அடுத்து செயினின் ஒரு நுனியில் கம்பியைக் கட்டி, கம்பியின் மறுமுனை வெளியே நிற்கும்படி உள்ளே விடுங்கள். டேங்கைப் போர்வையில் சுற்றி எல்லாப் பக்கமும் திருப்பிக் குலுக்குங்கள். சரளைக்கல், தனித்தனி நட்டு எல்லாம் போடலாம் என்பார்கள். உள்ளே மாட்டிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு. செயினாக இருந்தால் ஒரே இழுப்பில் வந்துவிடும். உதிர்ந்த செதில்களைத் தண்ணீர் விட்டு வெளியேற்றுங்கள்.

4. ஊறவைத்தல்

டேப் பொருந்தும் துளையில் ரப்பர் துண்டையும் அதன்மேல் ஒரு சிறு தகட்டையும் வைத்து, டேப்பின் ஸ்க்ரூக்களாலேயே இறுக்குங்கள். வாளியில் வெதுவெதுப்பான தண்ணீரில் சிட்ரிக் ஆசிட்டைக் கரைத்து, டேங்க் கழுத்துவரை நிரப்புங்கள். மேல்பகுதியிலும் துரு இருக்கும் என்பதால் பாதி ஊற்றினால் போதாது. மெல்லக் குமிழ் வரும், அதனால் மூடியை இறுக்கி மூடாதீர்கள். வெளியே சிந்தினால் உடனே துடையுங்கள், பெயின்ட் மங்கிவிடும்.

12 மணி நேரம் கழித்துப் பாருங்கள். சுவர் சாம்பல் நிறமாக மாறியிருந்தால் போதும். மிச்சம் இருந்தால் இன்னொரு 12 மணி நேரம் விடலாம். ஒரு நாளைக்கு மேல் விட்டால் இரும்பையே அரிக்கத் தொடங்கும். அப்போதும் துரு மிச்சமிருந்தால் புதுக் கரைசல் ஊற்றுங்கள்.

கழிப்பறை கழுவும் ஆசிட்டை ஊற்றினால் சில நிமிடத்தில் வேலை முடியும் என்பார்கள். அது பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட். துருவோடு நல்ல தகட்டையும் தின்னும். தையல் மடிப்புகளில் குளோரைடு தங்கிவிட்டால் துரு முன்பைவிட வேகமாக வரும். சிட்ரிக் ஆசிட் மெதுவானதுதான், ஆனால் டேங்குக்கு அதுவே பாதுகாப்பு.

5. அந்த அரைமணி நேரம்

ஆசிட் வெளியே வந்ததும் உள்ளே இருப்பது வெறும் இரும்பு. ஈரத்தோடு விட்டால் சில நிமிடத்திலேயே மஞ்சள் படலம் வந்துவிடும். அதனால் எல்லாம் தயாராக இருந்தால் மட்டும் கொட்டுங்கள்: கழுவத் தண்ணீர், சோடா கரைசல், நன்றாகக் கொதித்த தண்ணீர், ஹேர் டிரையர்.

முதலில் ஒரு முறை தண்ணீரில் அலசுங்கள். இரண்டு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் ஆப்ப சோடாவைக் கரைத்து ஊற்றி எல்லாப் பக்கமும் படுமாறு சுழற்றுங்கள். நுரை பொங்கும், மூடியை மூடாதீர்கள். மிச்ச ஆசிட் இதில் செயலற்றுவிடும். கொட்டிய ஆசிட்டிலும் மீதி சோடாவைப் போட்டு வீரியத்தைக் கொஞ்சம் குறைத்து, நிறையத் தண்ணீர் கலந்து ஊற்றுங்கள், செடிகள் பக்கம் வேண்டாம்.

கடைசி அலசலுக்குக் கொதித்த தண்ணீர். இதற்குக் காரணம் உண்டு: தகடு சூடாகிவிட்டால் ஒட்டிய ஈரம் தானே ஆவியாகிவிடும். கொட்டிய உடனே டேப் துளையைத் திறந்து, ஹேர் டிரையரைக் கழுத்துப் பக்கம் வைத்து, டேங்கை அடிக்கடி திருப்பிக் காயவையுங்கள். பெட்ரோல் வாடை கொஞ்சம் வந்தாலும் டிரையரைத் தொடாதீர்கள்.

காய்ந்து, டேங்க் கைக்குக் குளிர்ந்த பிறகு, டிரையரைத் தள்ளி வைத்துவிட்டு, அரை லிட்டர் பெட்ரோலில் 100 மில்லி 2டி ஆயிலைக் கலந்து ஊற்றி எல்லாச் சுவரிலும் படும்படி சுழற்றுங்கள். ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் நிற்கும். எண்ணெய் ஊற்றுவதற்குள் லேசான மஞ்சள் படர்ந்திருந்தால் பயம் வேண்டாம், பாதி வீரியமுள்ள சிட்ரிக் கரைசலைப் பத்து நிமிடம் விட்டு, ஐந்தாம் படியை மீண்டும் செய்யுங்கள்.

உள்ளே பூசும் எபாக்சி கோட்டிங் பற்றிப் பலர் கேட்பார்கள். ஓட்டை இல்லாத டேங்குக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. தகட்டில் துளி எண்ணெயோ ஈரமோ இருந்தாலும் அது பின்னாளில் தோலாக உரிந்து டேப்பை அடைக்கும். உரித்து எடுப்பது துருவை எடுப்பதைவிடக் கடினம்.

மறுபடி வராமல் இருக்க

டேப்புக்குப் புது வாஷர் போடுங்கள். டேப்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே சிறு ஃபில்டர் வையுங்கள். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மாற்றுங்கள், வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கும். மூடியில் காற்று போகும் துளையையும் அடைபடாமல் பாருங்கள். வண்டி சில வாரம் நிற்கும் என்றால் டேங்கை நிரப்பி வையுங்கள். வெயிலில் விரிவடைய இடம் வேண்டும், விளிம்புவரை வேண்டாம்.

முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் ஃபில்டரைப் பாருங்கள்; ஃப்ளோட் சேம்பரின் (கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் கிண்ணம்) அடியிலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி வரும் பெட்ரோலையும் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். துருத் தூள் நிறைய இருந்தால் ஃபில்டரை மாற்றிவிட்டு, அடுத்த 100 கிலோமீட்டரில் மறுபடி சோதியுங்கள்.