குழந்தைக்குத் தலையணை வாங்கும் முன்…

ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தலையணையே வேண்டாம். கடுகுத் தலையணையும் இதில் சேர்த்திதான், பாட்டி கோபித்துக்கொண்டாலும் சரி. முகம் புதைந்தால் மூச்சு முட்டும். தையல் விட்டால் கடுகு வாய்க்குள்ளும் மூக்குக்குள்ளும் போகும். இரண்டு வயதை ஒட்டி யோசித்தால் போதும். அப்போதும், தலையணை இல்லாமலே நன்றாகத் தூங்குகிற பிள்ளைக்கு நாமாக ஏன் பழக்க வேண்டும்?

வேலூர் லாங் பஜார் பக்கம் வாங்கப் போனால், பூப்போட்ட உறையைப் பார்த்து மயங்காமல் முதலில் உள்ளங்கையால் நடுவில் அழுத்திப் பாருங்கள். கையை எடுத்ததும் மேலே எழும்பி வர வேண்டும். குழி அப்படியே நின்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். குப்புறப் படுக்கிற பிள்ளையின் மூக்கு அந்தக் குழியில்தான் அமுங்கும். உயரம் இரண்டு அங்குலத்துக்குள் இருக்கட்டும். பித்தான், மணி, நாடா எதுவும் வேண்டாம்.

இலவம்பஞ்சு நல்லதுதான், ஆனால் துவைக்க முடியாது. அவ்வப்போது வெயிலில் போட வேண்டும். நம்ம ஊரில் வெயிலுக்கா பஞ்சம்! மூச்சிளைப்பு உள்ள பிள்ளையென்றால் முழுதாகத் துவைக்கிற மாதிரி வாங்குவது மேல். உறைக்கு, துவைத்துத் துவைத்து மெத்தென்றான பழைய பருத்திச் சேலையே போதும். சித்திரை வியர்வைக்கு இரண்டு மூன்று தைத்து வையுங்கள்.

அப்புறம், தூளிக்குள் தலையணை வைக்கவே கூடாது. ஏற்கெனவே வளைந்திருக்கும் துணியில் தலை இன்னும் உயர்ந்தால், தாடை நெஞ்சில் முட்டி மூச்சு தடைபடும்.