ஊரடங்கு அறிவித்த அன்று மளிகைக் கடையை நடத்துவது எப்படி

எங்கள் கடை மதுரையில், செல்லூருக்கும் கோரிப்பாளையத்துக்கும் நடுவே ஒரு தெருவில் இருக்கிறது. பத்தடி அகலம், உள்ளே போனால் இருபதடி. நானும் என் கணவரும் 22 வருடங்களாக நடத்துகிறோம். 2020 முதல் 2022 வரை எத்தனை முறை ஊரடங்கு அறிவித்தார்களோ, அத்தனை முறையும் மக்கள் முதலில் ஓடிவந்தது எங்களைப் போன்ற கடைகளுக்குத்தான். போன வருடம் என் தங்கை மகன் தேனியில் கடை திறந்தான். "பெரியம்மா, அப்படி ஒரு நாள் மறுபடியும் வந்தால் நான் என்ன செய்வது?" என்று கேட்டான். போனில் சொல்லி மாளவில்லை. அதனால் எழுதுகிறேன். நோய்க்காலம்தான் என்றில்லை, புயலுக்கும் பந்த் நாளுக்கும் இதில் பாதி பொருந்தும்.

முதலில் நாங்கள் செய்த தவறு. 2020 மார்ச் 24, செவ்வாய்க்கிழமை. தமிழ்நாட்டில் மாலை 6 மணிக்கே 144 தடை வந்துவிட்டது. இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவு முதல் 21 நாள் நாடே அடைப்பு. மளிகையும் பாலும் மருந்தும் கிடைக்கும் என்பது யார் காதிலும் விழவில்லை, 21 என்கிற எண் மட்டும் விழுந்தது. பாதி ஷட்டர் இறக்கியிருந்த கடைக்கு முன்னால் முப்பது பேர் நின்றார்கள். யார் குரல் பெரிதோ அவருக்கு எடுத்துக் கொடுத்தோம். பத்து மணிக்குக் கல்லா நிறைந்திருந்தது, துவரம் பருப்பு மூட்டையும் உளுந்து மூட்டையும் காலி. மறுநாள் விடிகாலையில் இட்லிக் கடை அக்கா வந்தார். தினமும் ஒரு கிலோ உளுந்து வாங்குகிறவர், பதினோரு வருட வாடிக்கை. அவருக்குக் கொடுக்க ஒரு பிடி உளுந்து இல்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. காலிச் சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார்.

பலகையில் கடைசி வரி

ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 24 வெள்ளிக்கிழமை, அடுத்த அறிவிப்பு வந்தது. சென்னை, மதுரை, கோவை மாநகராட்சிகளில் 26 முதல் 29 வரை முழு ஊரடங்கு. சேலத்துக்கும் திருப்பூருக்கும் 28 வரை. இந்த முறை மளிகைக் கடையும் கிடையாது. டிவியில் கீழே ஓடிய வரியில் ஐந்து ஊரும் கலந்து ஓடின. அரை மணி நேரத்தில் வாட்ஸாப்பில் "மதுரையில் ஒரு மாதம் கடை இல்லை" என்று வந்துவிட்டது.

எனவே கடைக்காரர் செய்ய வேண்டிய முதல் வேலை, ஆணையை நாமே முழுதாகப் படிப்பது. யாரோ படித்துச் சொன்னதைக் கேட்டால் போதாது. எந்த ஊருக்கு, எந்த நாளிலிருந்து, எத்தனை மணி வரை, எந்தக் கடைக்கு விலக்கு. இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அதன் பிறகு வாசல் பலகையில் எழுதுங்கள். பெரிய எழுத்தில், தூரத்தில் நிற்பவர் கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவில். அன்று நான் எழுதியது இது:

"ஞாயிறு முதல் புதன் வரை கடை இல்லை. சனிக்கிழமை பகல் 1 மணி வரை உண்டு. வியாழன் 30ஆம் தேதி காலை கடை திறக்கும். சரக்கு வரும்."

இதில் முக்கியமானது கடைசி வரிதான். என் கணவர் அது தேவையில்லை என்றார், புதனோடு முடிகிறது என்றால் வியாழன் திறக்கும் என்பது தெரியாதா என்றார். தெரியாது. கடை எப்போது மூடும் என்பதை எல்லாரும் சொல்கிறார்கள், எப்போது திறக்கும் என்பதை யாரும் சொல்வதில்லை. அந்தச் சொல்லாத இடத்தில்தான் ஐந்து கிலோ பருப்பு கேட்கிறார்கள். மறுநாள் சனிக்கிழமை நேரத்தை 3 மணி வரை நீட்டித்தார்கள். உடனே ஸ்டூல் போட்டு ஏறி 1ஐ அழித்து 3 என்று எழுதினேன். வரிசையில் முண்டிக்கொண்டிருந்த இரண்டு பேர், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறோம் என்று கிளம்பினார்கள்.

முன்னிரவு வேலை

கூட்டம் வருவதற்கு முந்தைய இரவு தூங்காதீர்கள். பொட்டலம் போடுங்கள். துவரம் பருப்பு, உளுந்து, சர்க்கரை, மிளகாய், புளி. அரைக் கிலோவிலும் கால் கிலோவிலும் போடலாம், ஆனால் நூறு கிராம் பொட்டலத்தை மறக்காதீர்கள். எங்கள் தெருவில் தறி வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள் அதிகம். அன்றாடக் கூலியில் அன்றாடச் சாமான். கூட்டத்தில் சிப்பம் சிப்பமாக அரிசி தூக்குகிறவருக்குப் பின்னால் நின்று "இருபது ரூபாய்க்குப் பருப்பு" என்று கேட்க அவர்களுக்குக் கூச்சம். எடை போட்டுத் தருவதற்கு நமக்கும் பொறுமை இருக்காது. பொட்டலம் தயாராக இருந்தால் கையை நீட்டிக் கொடுத்துவிடலாம்.

அன்று காலை எதிர்ச்சுவரை ஒட்டி ஒருவர் வரிசையில் சேராமல் ஒரு மணி நேரம் நின்றார். வேடிக்கை பார்க்கிறார் என்று நினைத்தேன். கையில் மடித்த துணிப்பை இருந்தது. காசில்லாதவர் வரிசையில் நிற்க மாட்டார், ஓரத்தில்தான் நிற்பார். கல்லாவிலிருந்து அரை மணிக்கு ஒரு முறை எழுந்து ஓரத்தைப் பாருங்கள். கூப்பிட்டு, அவர் பெயரைக் கடன் நோட்டில் எழுதி, பொட்டலத்தைக் கொடுங்கள். கடன் வராது என்று பயமாக இருந்தால் ஒன்று சொல்கிறேன். அந்த ஏப்ரலில் ரேஷன் அட்டைக்கு அரசு கொடுத்த 1,000 ரூபாயைப் பலர் நேராக எங்கள் நோட்டில் கொண்டுவந்து கழித்தார்கள். எல்லாரும் இல்லை. வராததும் இருக்கிறது, அதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

இல்லை என்று சொல்லும் விதம்

ஒரு வீட்டுக்கு எண்ணெய் இரண்டு லிட்டர், பருப்பு இரண்டு கிலோ, அரிசி ஒரு சிப்பம் என்று வைத்தேன். கூடுதலாகக் கேட்பவரிடம் "தர முடியாது" என்று சொன்னால் சண்டை நிச்சயம். "இப்போது இரண்டு, மீதி வியாழக்கிழமை" என்று சொல்லி, ஒரு துண்டுச் சீட்டில் அவர் பெயரையும் பாக்கிச் சாமானையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அந்தச் சீட்டுக்கு மதிப்பு உண்டு. அன்று 41 சீட்டுக் கொடுத்தேன். வியாழக்கிழமை அதைக் கொண்டுவந்தவர்கள் ஆறு பேர்தான். அதில் ஒரு பெரியவர் சீட்டை நீட்டி, "சாமான் வேண்டாம் தாயி, சும்மா கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன்" என்றார்.

விலையைப் பற்றி ஒன்றே ஒன்று. மொத்தக் கடைக்காரர் ஒருவர் உளுந்துக்கு ஒரே நாளில் கிலோவுக்கு இருபது ரூபாய் ஏற்றினார். நாமும் ஏற்றித்தான் விற்க வேண்டும். ஆனால் கொள்முதல் பில்லைக் கல்லாவுக்கு மேலே ஒட்டிவிடுங்கள். மக்கள் விலை ஏறியதற்குக் கோபப்படுவதைவிட, நாம் அமுக்கிக்கொண்டோமோ என்றுதான் கோபப்படுகிறார்கள். அந்த மார்ச்சிலேயே மத்திய அரசு மூன்றடுக்கு முகக்கவசத்துக்கு 10 ரூபாய், 200 மில்லி கிருமிநாசினிக்கு 100 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. அந்தச் செய்தித்தாளை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டே ஒருவர் கடைக்கு வந்தார்.

வட்டம் எங்கே போடுவது

இதைப் பலரும் சின்ன விஷயம் என்று நினைப்பார்கள். எனக்கு மூன்று நாள் பிடித்தது. முதல் நாள் கோலமாவில் ஆறடிக்கு ஒன்று வீதம் அழகாகப் போட்டேன். பத்து மணிக்கு மேல் மதுரை வெயிலில் ஒருவரும் வட்டத்தில் இல்லை. வட்டத்துக்குள் செருப்பும் பையும் இடம் பிடித்துக்கொண்டிருந்தன, செருப்பின் சொந்தக்காரர்கள் எல்லாரும் பக்கத்து வேப்பமரத்தடியில் தோளோடு தோள் உரசி நின்றார்கள். ரோந்து வந்த காவலர் வட்டத்தைப் பார்த்து மகிழ்ந்தார், மரத்தடியைப் பார்த்து லத்தியை எடுத்தார். இரண்டாம் நாள் வட்டத்தைப் பக்கத்து வீட்டு வாசல் வரை நீட்டினேன், அந்த வீட்டம்மா வந்து தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டார். நோய் வந்துவிடும் என்கிற பயம் அவருக்கு, குற்றம் சொல்ல முடியாது. மூன்றாம் நாள் காலை எட்டு மணி, பத்து மணி, பன்னிரண்டு மணி நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்து, மூன்று வரிசையாகச் சுண்ணாம்பில் போட்டேன். நிழல் நகர நகர வரிசையும் நகர்ந்தது. நின்றார்கள்.

நாட்காட்டியைப் பாருங்கள்

அரிசி பருப்பை எல்லாரும் வாங்கி வைப்பார்கள். ஊரடங்கு எந்த நாளில் விழுகிறது என்பதை நாட்காட்டியில் பார்ப்பவர்தான் கடைக்காரர். அந்த ஏப்ரல் 25, கூட்டம் முண்டிய அதே சனிக்கிழமை, ரமலானின் முதல் நோன்பு. கோரிப்பாளையம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் நோன்புக் கஞ்சிக்குப் பச்சரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் கேட்டார்கள். பள்ளிவாசலில் காய்ச்சாததால் வீட்டுக்கு வீடு தனியாகத் தேவை. அதை நான் யோசித்திருந்தேன், கையில் இருந்தது.

யோசிக்காமல் விட்டது மஞ்சள் கயிறு. சித்திரைத் திருவிழா நடக்கவில்லை. மே 4 அன்று மீனாட்சி திருக்கல்யாணத்தை மட்டும் கோயிலுக்குள் நடத்தி இணையத்தில் காட்டினார்கள். அம்மன் கழுத்தில் தாலி ஏறும் நேரத்தில் மதுரைப் பெண்கள் தங்கள் தாலிக் கயிற்றை மாற்றிக்கொள்வார்கள். வழக்கமாகக் கோயிலைச் சுற்றிக் கயிறு விற்பார்கள், அந்த வருடம் அங்கே யாரும் போக முடியாது. முந்தைய நாள் மாலையே என்னிடம் இருந்த கயிறு தீர்ந்தது. மறுநாள் காலையில் வந்த ஒரு பெண்ணுக்கு, வெள்ளை நூலைத் திரித்து மஞ்சளில் தோய்த்து நானே கட்டிக் கொடுத்தேன். அவர் போனில் கல்யாணத்தைப் பார்த்தபடியே, கடை வாசலில் நின்று காசை எண்ணிக் கொடுத்தார்.

கோபத்தை வாங்கிக்கொள்வது

அரசின்மேல் உள்ள கோபமெல்லாம் கல்லாவில் வந்து இறங்கும். மே 7 அன்று டாஸ்மாக்கைத் திறந்தபோது டீக்கடைக்கு அனுமதி இல்லை, 11ஆம் தேதிதான் பார்சலுக்கு மட்டும் அனுமதி வந்தது. அந்த நான்கு நாளும் பெண்கள் என்னிடம் பேசிய பேச்சை எழுத முடியாது. அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது, வீட்டில் பாத்திரத்தை அடகு வைத்துக் குடிக்கப் போகிறவனோடு இருப்பவர்கள் அவர்கள். ஆனால் வரிசையில் எல்லாக் கட்சியும் நிற்கிறது. என் வழி: சாமானை எடை போட்டு முடிக்கும் வரை "ம்" மட்டும். பணம் வாங்கிய பிறகு ஒரு வாக்கியம். அடுத்தவரைக் கூப்பிட்டுவிட வேண்டும்.

மூடும் நேரத்தில் விளையாடாதீர்கள். ஏப்ரலில் 1 மணி, ஜூனில் மதுரைக்கு 2 மணி, 2021 மே 10 முதல் 12 மணி, 15 முதல் காலை 10 மணி என்று மாறிக்கொண்டே இருந்தது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கைப்பேசிக் கடை வைத்திருந்த தந்தையும் மகனும், நேரம் மீறிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லிக் கொண்டுபோகப்பட்டு, காவலில் அடிபட்டு இறந்தார்கள். அந்த வாரம் எங்கள் தெருவில் எல்லாருமே அரை மணி முன்னதாக ஷட்டரை இறக்கினோம். யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. இன்றும் பதினைந்து நிமிடம் முன்னால் வரிசையின் கடைசி ஆளிடம் ஒரு அட்டையைக் கொடுத்துவிடுகிறேன், அவருக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது.

2021இல் போனில் சிட்டை வாங்கினோம், மே 31 முதல் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க அனுமதி இருந்தது. போனில் வாங்கினால் திரும்பப் படித்துக் காட்டுங்கள். அரைக் கிலோ மிளகாய் கேட்ட வீட்டுக்கு அரைக் கிலோ மிளகு அனுப்பிய ஆள் சொல்கிறேன். நல்லவேளை, அந்த அம்மா பிரிக்காமல் திருப்பி அனுப்பினார்.

அந்த வருடம் தள்ளுமுள்ளு குறைவு. ஆக்சிஜனுக்கும் படுக்கைக்கும் அலைந்த ஊரில் பருப்புக்கு யார் முண்டுவார்கள். பிறகு 2022 ஜனவரியில் ஞாயிறுதோறும் முழு ஊரடங்கு என்றார்கள். 8ஆம் தேதி சனிக்கிழமை காலையில் பழக்கப்படி பலகையைத் துடைத்து "திங்கள் காலை திறக்கும்" என்று எழுதினேன். பக்கத்து வீட்டம்மா, அன்று வட்டத்தைக் கழுவியவர், படித்துவிட்டுச் சிரித்தார். பருப்பு அளவாகத்தான் போனது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கறியை எல்லாரும் சனிக்கிழமையே எடுத்துவிட்டார்கள். பத்தரை மணிக்கு கறிமசாலா தீர்ந்தது, பதினொரு மணிக்கு இஞ்சியும் பூண்டும் இல்லை. ஞாயிறு ஊரடங்கு என்றால் வெள்ளிக்கிழமையே அதை இரண்டு பங்கு வாங்கி வைத்துவிடு தம்பி.